வளரியைத் தெரியுமா உங்கள் பிள்ளைக்கு?

இங்கே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் பிள்ளைகளுக்கு டோமஹாக் தெரிகிறது. அமெரிக்கப் பழங்குடியினர் எறிந்த கைக்கோடாலி என்று கம்ப்யூட்டர் கேம் சொல்லிக் கொடுத்துவிட்டது. வளரி என்றால் மட்டும் விழிக்கிறார்கள்.

டோமஹாக்கில் இரும்புத் தலை வேறு, மரக்காம்பு வேறு. காம்பைத் தலையின் துளையில் இறுக்க வேண்டும். வளரியில் அந்த வேலையே கிடையாது. பிறை போல வளைந்த ஒரே துண்டு. ஒரு முனை கனமாக இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து எறிந்தால் சுழன்று போய்த் தாக்கும். மரம், இரும்பு, தந்தம் மூன்றிலும் செய்திருக்கிறார்கள்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்கிறார். தேர்ந்த கைக்கு 100 கஜத்துக்குள் குறி தப்பாதாம். 1801-ல் அந்த மாணவரே குருவை எதிர்த்து வந்த படையில் இருந்தார். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களுக்கே தடை போட்டார்.

பி.காம். படித்த என் கணக்கில் நஷ்டம் இரண்டு. ஆட்களோடு, வெட்டிச் செதுக்கும் கைப்பக்குவமும் போயிற்று. பிறகு வளரி சடங்குப் பொருளாகத்தான் மிஞ்சியது. கல்யாணத்தில் இரு வீட்டாரும் அதை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை 1909-ல் வந்த தன் நூலில் எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார்.

இப்போது சிலம்ப ஆசான்கள் சிலர் மறுபடி வளரி எறியச் சொல்லித் தருகிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, எழும்பூர் மியூசியத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பாட்டி வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.