இன் பண்ணாத சட்டை

ஐடி கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை ‘ஃபார்மல்ஸ்’, வெள்ளிக்கிழமை மட்டும் ‘கேஷுவல்ஸ்’. இப்போது பல இடங்களில் இது தளர்ந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மேல் பட்டனைத் திறந்துவிட்டு, அரைக்கைச் சட்டையை இன் பண்ணாமல் வர வாரத்தில் ஒரு நாள்தான் அனுமதி. சென்னையின் மே மாத வெயிலுக்குத் திங்கள், வெள்ளி என்றெல்லாம் கிடையாது. அப்புறம் எதுக்கு வெள்ளிக்கிழமை?

இந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், கலிஃபோர்னியாவைத் தாண்டி, பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கரும்புத் தோட்டம் என்றதும் நமக்கு ஃபிஜி ஞாபகம் வரும். ஹவாயின் கதையும் அதே சாயல்தான். 1852ல் சீனர்கள், 1878ல் போர்த்துக்கீசியர்கள், 1885 முதல் பெரும் எண்ணிக்கையில் ஜப்பானியர்கள், 1906 முதல் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் ஆளுக்கொரு எண் பொறித்த உலோக வில்லை கொடுக்கப்பட்டது; கணக்குப் புத்தகத்தில் அந்த எண்தான் ஆள். 1893ல் ஹவாயின் அரசி லிலியோகலானியைப் பதவியிலிருந்து இறக்கியவர்களுக்குப் பின்னால் இருந்ததும் சர்க்கரைப் பணம்தான். 1898ல் தீவுகள் அமெரிக்காவின் கைக்குப் போயின.

கரும்புத் தோகை கையைக் கிழிக்கும். அதனால் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் தடித்த பருத்தியில், நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை போட்டார்கள். அதற்குப் பலாகா என்று பெயர். மாலுமிகள் அணிந்த ‘ஃப்ராக்’ என்ற மேல்சட்டையின் பெயர்தான் ஹவாய் வாயில் நுழைந்து பலாகா ஆனது. பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி சட்டையை வெளியே விட்டு உடுத்தினார்கள். ஜப்பானியர்கள் கிமோனோத் துணிகளைக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் பலர் ஹொனலுலுவில் தையல் கடை போட்டார்கள். பூப்போட்ட ஹவாய் சட்டை இந்தக் கூட்டிலிருந்து பிறந்ததுதான்.

அதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் சண்டை உண்டு. 1935 ஜூனில் ஹொனலுலு செய்தித்தாள் ஒன்றில் ‘அலோஹா சட்டை’ என்ற பெயரோடு விளம்பரம் கொடுத்தது, ஜப்பானியக் குடும்பம் நடத்திய முசாஷியா என்ற கடை. யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து, அப்பாவின் துணிக்கடையை எடுத்து நடத்திய எல்லரி சுன் என்ற சீன வம்சாவளி இளைஞர், 1936ல் அலோஹா என்ற சொல்லைத் தன் துணிகளுக்கான வர்த்தகச் சின்னமாகப் பதிவுசெய்தார். அன்பு, வணக்கம், போய் வருகிறேன் என்று எல்லாவற்றுக்கும் ஹவாய் மக்கள் சொல்லும் சொல் அது. நாட்டை இழந்து நாற்பது வருஷம் ஆன மக்களின் வணக்கம், சட்டைக் காலரில் லேபிளாக ஏறியது.

சட்டையின் வடிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். மேலைநாட்டுச் சட்டை வெகுகாலம் உள்ளாடையாக இருந்தது. அதனால்தான் அதன் அடி ஓரம் முன்னும் பின்னும் வளைந்து நீண்டு தொங்கும். பேண்டுக்குள் திணிக்க வசதியாக இருக்கவே அந்த வளைவு. ஹவாய் சட்டையின் அடி ஓரம் நேர்கோடு. வெளியே விடுவதற்கென்றே வெட்டப்பட்டது. காலர் விறைப்பில்லாமல் தட்டையாக மடங்கிக் கிடக்கும், கழுத்துப் பட்டன் தேவையில்லை. உடம்பை ஒட்டாது, கீழே நுழையும் காற்று கழுத்து வழியாக வெளியேறும். கோடைக்குச் சட்டை வாங்குகிறவர்கள் இன்றைக்கும் முதலில் இந்த அடி ஓரத்தைப் பார்க்கலாம். நேராக இருந்தால் வெளியே விடுங்கள். வளைந்து நீண்டு தொங்கினால் அது இன் பண்ணத் தைத்தது.

இவ்வளவு பொருத்தமான சட்டையை ஹவாயின் அலுவலகங்கள் உள்ளே விடவில்லை. அது சுற்றுலாப் பயணிக்கும் கடற்கரைக்கும் உரியது. வங்கியில், நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில் கோட்டும் டையும்தான். 1820ல் வந்திறங்கிய மிஷனரிகள் காலத்திலிருந்தே கனத்த துணி என்பது மரியாதைக்கு இன்னொரு பெயர். 1946ல்தான் ஹொனலுலு வணிகச் சங்கம், கோடையில் ஆபீசுக்குப் போட வசதியான உடை எது என்று ஆராயப் பணம் ஒதுக்கியது. நகர நிர்வாகம் தன் ஊழியர்கள் ஜூன் முதல் அக்டோபர் வரை சாதாரணச் சட்டை போட அனுமதித்தது. பூப்போட்ட சட்டைக்கு மட்டும் தடை. அதற்கு அடுத்த வருஷம் ‘அலோஹா வாரம்’ என்ற திருவிழா வர வேண்டியிருந்தது.

1962ல் ஹவாய் ஆயத்த ஆடைத் தயாரிப்பாளர்களின் சங்கம் ‘விடுதலை நடவடிக்கை’ என்று ஒன்றைத் தொடங்கியது. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் இருந்த ஆண் உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு அலோஹா சட்டை இலவசம். மே 1 முதல் கோடை முழுக்க அலோஹா உடை அணியலாம் என்று செனட் தீர்மானமும் போட்டது. சங்கத்துக்கு அது போதவில்லை. வருஷம் முழுக்க விற்கணுமே. வாரத்தில் ஒரு நாளைக் கேட்டுத் தொடர்ந்து நெருக்கினார்கள். 1966ல் ‘அலோஹா வெள்ளி’ பிறந்தது.

நம்ம வெள்ளிக்கிழமையின் தாத்தா இவர்தான். 1990களில் அமெரிக்க நிலப்பரப்பில் ‘கேஷுவல் ஃபிரைடே’ பரவியபோது, லீவைஸ் நிறுவனம் 1992ல் ஆபீஸ் கேஷுவல் உடைக்கு ஒரு கையேடு அச்சடித்து அமெரிக்கா முழுக்க மனிதவள அதிகாரிகளுக்கு அனுப்பியது. அமெரிக்க வேலைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்தபோது, கூடவே அவர்களுடைய வெள்ளிக்கிழமையும் வந்தது.

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. 1960களில் ரெய்ன் ஸ்பூனர் என்ற ஹவாய் நிறுவனம் பூப்போட்ட துணியை உள்வெளியாகத் திருப்பித் தைத்து விற்க ஆரம்பித்தது. அச்சின் பளிச்சிடும் பக்கம் உடம்பைத் தொடும். வெளுத்துப்போனது போன்ற பின்பக்கம் உலகத்துக்குத் தெரியும். அந்த மங்கல் நிறம் அலுவலகங்களுக்கு உறுத்தவில்லை. ஹவாயில் வேலைக்குப் போடும் சட்டை என்றால் இதுதான் என்றாகிவிட்டது. உள்ளே வர அனுமதி கிடைத்த பிறகும், சட்டை தன் நிறத்தைத் தோல் பக்கம் மறைத்துக்கொண்டுதான் வந்தது.

இன்ஜினியரிங் படித்ததால் எனக்கு ஓர் அளவுகோல் தெரியும்: க்ளோ. 1941ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த அலகு. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் குளிராமல் காக்கும் உடை 1 க்ளோ. கிட்டத்தட்ட ஒரு கோட் சூட். மெல்லிய பேண்டும் அரைக்கைச் சட்டையும் போட்டால் சுமார் 0.5 க்ளோ. அதாவது கோட்டு எவ்வளவு கனமோ, ஏசியும் அவ்வளவு குளிரணும். 2005ல் ஜப்பான் அரசு ‘கூல் பிஸ்’ திட்டத்தில் அலுவலக ஏசியை 28 டிகிரிக்கு உயர்த்தி, டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் காட்சி தந்தார். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்சாரம் போதாதபோது அலோஹா சட்டைக்கும் பச்சைக்கொடி. கிமோனோத் துணியாகக் கப்பலேறிப் போனது, ஆபீஸ் சட்டையாக ஊர் திரும்பியது.

தமிழ்நாட்டில் வெயிலுக்கான உடை நம்மிடம் எப்போதும் இருக்கிறது. 2014ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டு சட்டமன்றம் கூடி, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாதென்று சட்டமே இயற்றியது. தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால் சில வாரங்களில் சட்டம் வந்தது.

ஹவாயிலும் இதுதான் நடந்தது. 31 டிகிரி வெயில் 1820லும் அடித்தது, 1946லும் அடித்தது. தோட்டத்தில் எண் வில்லையோடு வியர்த்தவருக்காக எந்த அவையும் தீர்மானம் போடவில்லை. விற்க ஒருவருக்குச் சரக்கு இருந்தபோது, வியர்த்தவர் வங்கி அதிகாரியாகவும் செனட்டராகவும் இருந்தபோது விதி மாறியது.

இதை எழுதும்போது எங்கள் வளாகத்தின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் கண்ணில் படுகிறார். பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை, டை, பெல்ட், தொப்பி, ஷூ. மதியம் இரண்டு மணி வெயிலில் ஒவ்வொரு காரின் டிக்கியையும் திறந்து பார்க்கிறார். உள்ளே 23 டிகிரியில் நாங்கள் எல்லோரும் இன் பண்ணாத சட்டையில். அவங்களுக்காவது டையை எடுத்துவிடலாமே என்று நிர்வாகப் பிரிவில் கேட்டேன். “கிளையன்ட் வருவாங்க சார், பார்க்க நல்லா இருக்கணும்ல” என்றார்கள்.

அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் அதைப் போடுவதில்லை. அவருக்கு இரண்டு அலோஹா சட்டை இலவசமாகக் கொடுக்க எந்தச் சங்கமும் வராது. வந்தால் அது விற்பனைக்குத்தான் வரும். அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடியும் கேட்பதாக இருக்கிறேன். உங்கள் ஆபீஸ் வாசலிலும் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.