மா

மா: ஓரெழுத்தாலான தமிழ்ச் சொல். மாமரம், விலங்கு, குதிரை, அரைத்த பொடி, பெருமை, கருமை, திருமகள், இருபதில் ஒரு பங்கு, நில அளவு ஆகிய பொருள்களைத் தரும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்று. பாட்டு, அடுக்களை, வயல், கணக்கு என எல்லா இடத்திலும் இதைப்போல் புழங்கிய ஓரெழுத்துச் சொல் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

இத்தனை பொருள் இருந்தும் குழப்பம் வராமல் காத்தது புணர்ச்சி. தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியல் இதைத் தனியே கவனிக்கிறது. மரமாகிய மா, 'கோடு' என்ற சொல்லோடு சேர்ந்தால் மாங்கோடு; விலங்காகிய மா சேர்ந்தால் மான்கோடு. 'கோடு' என்பதற்கே கிளை, கொம்பு என இரு பொருள் உண்டு. இருபுறமும் ஐயம் தரும் சொற்கள். இடையில் வரும் ஒரு மெல்லெழுத்து, மரமா விலங்கா என்று தீர்த்துவிடுகிறது. இலக்கணத்தின் நுட்பத்துக்கு இதைவிட அழகான சான்று அரிது. அரிசியை அரைத்த மாவோ வல்லினத்தை மிகுவித்து மாக்கோலம் ஆகிறது. இவை தவிர, பொருளே இல்லாமல் வியங்கோளை அடுத்து வரும் அசைச்சொல்லாகவும் மாவை அந்நூலின் இடையியல் குறிப்பிடுகிறது.

பல பொருள் தரும் இத்தகைய சொற்களுக்கென்றே நிகண்டுகள் இடம் ஒதுக்கின. திவாகரத்தின் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லின் பல பொருள்களைத் திரட்டுவது.

மாமரம் யாப்பிலக்கணத்திலும் வேர்விட்டது. நேர் நேர் அசைகள் கொண்ட சீருக்குத் தேமா, நிரை நேர் கொண்டதற்குப் புளிமா என்று பெயர். இனிக்கும் மாவும் புளிக்கும் மாவும் வெண்பா கற்ற ஒவ்வொருவர் நாவிலும் இருந்தன. காயின் பெயர் கடலும் கடந்தது: தமிழின் மாங்காய், மலையாளத்தின் மாங்ங ஆகியவற்றின் வழி போர்த்துக்கீசியரிடம் 'மங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று.

அளவைச் சொல்லாக மா நெடுங்காலம் வாழ்ந்துவருகிறது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வரி பற்றி அறிவுரை சொன்ன புறநானூற்றுப் பாடலிலேயே அது வருகிறது. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் புகுந்தால் நூறு வயலும் போதாது என்கிறார் புலவர்.

பின்னக் கணக்கில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 1/16. சோழர் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி என்று நுணுக்கி எழுதின. வரி நீக்கிய இறையிலி நிலத்தின் ஒரு துணுக்கும் கணக்கிலிருந்து நழுவவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இந்தப் பின்னங்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். 1957இல் பதின்ம நாணயமும் அதையொட்டி மெட்ரிக் அளவைகளும் வந்தபின் அந்தக் குரல் ஓய்ந்தது. மாவின் பின்னக் குறி 2019இல் வெளிவந்த யுனிகோடு 12ஆம் பதிப்பில், மற்றத் தமிழ்ப் பின்னக் குறிகளோடு இடம்பெற்றது. அரைநூற்றாண்டுக்கு மேல் தாமதம் என்றாலும் மகிழத்தக்க செய்தி.

வட்டார வழக்கில் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 'மாவு' என்பது இலங்கைத் தமிழரிடம் பழைய வடிவிலேயே நிற்கிறது: கோதுமை மா, அரிசி மா, ஒடியல் மா. பேச்சில் 'அம்மா' என்ற விளி குறுகி 'வாமா', 'சொல்லுமா' என ஒலிப்பது, மேற்கண்ட எதனோடும் உறவில்லாத மற்றொரு மா.

சுருக்கமாகவும் மா எழுதப்படுகிறது. நாளிதழ்களில் 'மா.கம்யூ.' என்றால் 1964இல் உருவான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி. கட்சிக்காரர் பேச்சில் 'மா.செ.' என்றால் மாவட்டச் செயலாளர். புள்ளி இங்கே பழைய மெல்லெழுத்தின் வேலையைச் செய்கிறது.

நில அளவாகிய மா இன்னும் மறையவில்லை. காவிரிப் படுகையில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். பட்டாவில் ஹெக்டேர் என்று இருந்தாலும், விளைச்சலை விசாரிக்கும்போது அங்கே கேட்பது, "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது?"