தியேட்டர் சத்தம் - கீற்றுக் கொட்டகை முதல் கங்குவா வரை

கீற்றுக் கொட்டகை காலத்தில் சினிமாச் சத்தம் பற்றிய புகார் வெளியில் இருப்பவர்களுடையது. கூம்பு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு கேட்டால் படம் போடப் போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களானாலும், அவற்றை ஒட்டிய தமிழகக் கிராமங்களானாலும் இதே கதைதான். படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும்தான் தொல்லை!

2000-ல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகளும் இந்த வெளிச்சத்தத்தைத்தான் முக்கியமாகக் கவனித்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆனால் அரங்கம் போன்ற மூடிய இடங்களுக்குள் பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. அதாவது சுவருக்கு வெளியே இருப்பவருக்குப் பாதுகாப்பு. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தவருக்கு?

அதற்குள் சத்தம் உள்ளே வந்துவிட்டது. 1990-களில் டால்பி, டிடிஎஸ் தமிழ்ப் படங்களுக்கு வந்தன. பழைய ஒற்றைத்தட ஒலியில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் உடைசலும் சேர்ந்து வரும்; அதனால் ஒரு எல்லை இருந்தது. டிஜிட்டலில் அந்த எல்லை வெகுதூரம் தள்ளிப் போனது.

இதற்கு ஒரு அளவு இல்லாமல் இல்லை. டால்பி கருவியில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் 7 என்பதுதான் நிர்ணய அளவு. அதில் வைத்தால் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலி 85 டெசிபல் வர வேண்டும். இது படம் முழுவதற்கும் சராசரி அல்ல. வசனம் இதற்குக் கீழே, வெடிச்சத்தம் மேலே.

சிக்கல் எங்கே? படம் காதைக் கிழிக்கிறது என்று புகார் வந்தால் ஆபரேட்டர் 5-க்குக் குறைப்பார். அப்போது வசனம் கேட்காது. தியேட்டரில் குறைத்துவிடுவார்கள் என்று தெரிந்து ஒலிக்கலவை செய்பவர் அடுத்த படத்தில் இன்னும் கூட்டுவார். டால்பியின் அயோன் ஆலன் 1990-களிலேயே இந்தச் சுழலைப் பற்றிப் பேசினார்.

2024 நவம்பர் 14 அன்று 'கங்குவா' வெளியானபோது இதே பிரச்சினை தமிழில் வெடித்தது. சத்தம் தாங்கவில்லை என்று ரசிகர்களே சொன்னார்கள். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி வருத்தத்தோடு எழுதினார். ஒலியளவை 2 புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா அறிவித்தார்.

2 புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். ஃபேடரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 3.3 டெசிபல். 2 புள்ளி குறைத்தால் ஒலியின் சக்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அடிதடிக்காகக் குறைத்தது அமைதியான காட்சியையும் சேர்த்தே குறைக்கும்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் கேளிக்கை அரங்குகளுக்கு 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அல்ல. காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது. ஃபேடரைக் குறைப்பது முதலுதவிதான். மருந்து ஒலிக்கலவைக் கூடத்திலேயே இருக்கிறது.