ட்ராய் ஹில் அந்தோணியார் சிற்றாலயமும் எழுதாமல் போன உயிலும்

பிட்ஸ்பர்க் என்றதும், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்த நம் குடியிருப்புக்காரர்களுக்கு பென் ஹில்ஸ் பெருமாள் கோயில்தான் நினைவுக்கு வரும். திருப்பதியை மாதிரியாக வைத்து 1970களில் எழுப்பிய கோயில் அது. அந்த நகரத்திலேயே, அலெகெனி ஆற்றின் வடகரையில், அதிகம் பேர் போகாத இன்னொரு தலம் இருக்கிறது. ட்ராய் ஹில் குன்றின் மேலுள்ள புனித அந்தோணியார் சிற்றாலயம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட திருப்பண்டங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். வத்திக்கானுக்கு வெளியே பொதுமக்கள் பார்க்கக்கூடிய தொகுப்புகளில் இதுவே பெரியது என்கிறார்கள்.

திருப்பண்டம் என்ற சொல் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அருளிக்கம் என்றும் சொல்வார்கள். புனிதர் ஒருவரின் எலும்பு, பல், முடி போன்ற உடலின் பகுதி முதல் வகை. அவர் உடுத்திய துணி, பயன்படுத்திய பொருள் இரண்டாம் வகை. இவற்றைத் தொட்டு எடுத்த துணி மூன்றாம் வகை. நாம் எலும்பை ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறவர்கள். ஆனாலும் சித்தர் சமாதிகளில் விளக்கேற்றுகிறோம். கண்டியில் புத்தரின் பல்லுக்குப் பெருவிழாவே எடுக்கிறார்கள். கத்தோலிக்கரிடமும் இது பழைய வழக்கம்; கோயிலை அர்ச்சிக்கும்போது திருப்பண்டம் வைத்தே தீர வேண்டும் என்று 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் விதித்தது.

என் மருமகன் காரில் அழைத்துப்போனபோது ரியால்டோ தெரு வழியாக ஏறினோம். கார் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிற மாதிரியான ஏற்றம். ஒரு காலத்தில் பன்றிகளை ஓட்டிச்சென்ற வழியாம். அதனால் உள்ளூரில் அதற்குப் பன்றி மேடு என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குன்றின் மேல் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியத் தொழிலாளர்கள். கெட்சப் பாட்டிலால் நமக்குத் தெரிந்த ஹைன்ஸ் கம்பெனியின் பழைய தொழிற்சாலை இந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் இருந்தது.

அந்தத் தொழிலாளர்களுக்கு 1868-இல் பங்குத்தந்தையாக வந்தவர் சூட்பர்ட் மொலிங்கர். பெல்ஜியத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், மருத்துவமும் படித்தவர். காலையில் பூசை, பிறகு நோயாளிகள். ஆசீர்வாதத்தோடு மருந்துச்சீட்டும் எழுதிக் கொடுப்பார். அவர் பெயர் பரவி, வெளியூர்களிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வந்தார்கள். அந்தோணியார் திருநாளான ஜூன் 13 அன்று குன்று கொள்ளாத கூட்டம். உவரியிலோ புளியம்பட்டியிலோ திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவரைப் பிடித்திருந்த ஆசை திருப்பண்டம் சேர்ப்பது. அதற்கு அந்தக் காலமும் தோதாக இருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்தார். 1872-இல் இயேசு சபையினரை வெளியேற்றினார்கள். 1875-இல் பிரஷ்யாவில் பெரும்பாலான துறவு மடங்களை மூடச் சட்டம் வந்தது. இத்தாலியிலோ நாடு ஒன்றானபோது மடங்களின் சொத்துகள் அரசின் கைக்குப் போயின. நூற்றாண்டுகளாக மடத்துப் பேழைகளில் இருந்தவை திடீரென்று கேட்பாரற்றுப் போயின. மொலிங்கர் ஐரோப்பாவிலிருந்த தன் நண்பர்கள் மூலம் அவற்றை வரவழைத்தார். திருப்பண்டத்தை விற்பது திருச்சபைச் சட்டப்படி குற்றம். அவற்றை வைத்திருக்கும் வெள்ளிப் பேழைக்கு விலை உண்டு, உள்ளிருப்பதற்கு இல்லை. அநாதையாகப் போகாமல் மீட்பது தவறில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் போலும். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

உள்ளே நுழைந்ததும் கண் கூசும். பலிபீடத்தைச் சுற்றி, சுவரை ஒட்டி, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அடுக்கடுக்காகப் பேழைகள். பலிபீடத்தின் அடியில் புனித தெமெத்ரியுஸின் எலும்புகள். புனித தியோடரின் மண்டையோடு இருக்கிறது. அந்தோணியாரின் பல் ஒன்று இருக்கிறது. இயேசுவின் சிலுவைத் துணுக்கு, முள்முடியின் முள் என்று போற்றப்படுபவையும் உண்டு. விளக்கிச் சொல்ல வந்த தன்னார்வலர் அம்மா ஒவ்வொன்றையும் வீட்டுப் பெரியவர்களை அறிமுகப்படுத்துவது போலச் சொன்னார்.

என் கண் போனது பேழைகளின் பின்பக்கத்துக்கு. பெரும்பாலானவற்றின் உள்ளே கண்ணாடி முகப்பு வைத்த சிறு உலோகச் சிமிழ் இருக்கும். சிமிழின் பின்புறம் சிவப்பு நூலால் குறுக்கே கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து ஆயரின் முத்திரையைப் பதித்திருப்பார்கள். கூடவே லத்தீனில் ஒரு சான்றிதழ்: இது இன்னாருடையது, இந்தத் தேதியில் முத்திரையிட்டேன் என்று. நூல் அறுந்தாலோ அரக்கு உடைந்தாலோ சான்றிதழ் செல்லாது. வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய வேலை. நகையைப் பையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பெட்டக அறைக்குள் வைப்போம்.

ஒரே ஒரு வித்தியாசம். எங்களுக்கு நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்த பிறகுதான் அரக்கு. எலும்புக்கு உரைகல் ஏது? முத்திரை சொல்வது ஒன்றுதான்: ஆயர் கட்டிய அன்றிலிருந்து இதை யாரும் பிரிக்கவில்லை. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகள் அது யார் யார் கையில் இருந்தது என்பதற்கு முத்திரை பொறுப்பில்லை. இதை அந்த அம்மாவிடம் கொஞ்சம் தயங்கியபடி கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. எலும்பை யாரும் வணங்குவதில்லை, அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்துக்கொள்ளத்தான் இது என்றார். என் மனைவி அந்தோணியார் முன்னால் ஏற்கெனவே கண்ணை மூடி நின்றிருந்தாள். சான்றிதழை அவள் கேட்கவில்லை.

இனி உயில் விஷயம். இவ்வளவையும் வைக்க ஓர் ஆலயம் வேண்டும் என்று மொலிங்கர் கேட்டபோது பங்கு மக்கள் பணம் தர முன்வரவில்லை. கூலி வேலை செய்தவர்கள், எங்கே போவார்கள்? அவர் தன் குடும்பச் சொத்திலிருந்தே கட்டினார். முதல் பகுதி 1883-இல் முடிந்தது. பிறகு நீளத்தைக் கூட்டி, ம்யூனிக்கின் மேயர் நிறுவனத்திலிருந்து சிலுவைப்பாதையின் 14 நிலைகளை ஆள் உயர மரச் சிற்பங்களாக வரவழைத்தார். (திருப்பண்டங்களில் மனம் ஒட்டாதவர்களும் இந்தச் சிற்பங்களுக்காகப் போகலாம். சிலுவை சுமப்பவரின் கை நரம்பு தெரிகிறது.) விரிவாக்கிய ஆலயத்தை 1892 ஜூன் 13-இல், அந்தோணியார் திருநாளன்று, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அர்ச்சித்தார்கள். அன்றே அவர் உடல்நிலை மோசமாகி, இரண்டாம் நாள், ஜூன் 15-இல், இறந்துவிட்டார்.

உயில் எழுதி வைக்கவில்லை.

சொந்தப் பணத்தில் கட்டியதால் ஆலயம் சட்டப்படி அவருடைய தனிச்சொத்து. அதுவரை காணாத உறவினர்கள் உரிமை கோரி வந்தார்கள். நான் வேலை பார்த்த கிளையில் இறந்தவர் கணக்குகளைத் தீர்க்கும் மேசையில் சில ஆண்டுகள் இருந்தேன். அண்ணன் தம்பி இருவர் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதைக் கண்டிருக்கிறேன். நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான். உரிமை வாரிசுகளுக்கு என்று சொன்னதும் முகம் மாறும். அந்தப் பெஞ்சுதான் ட்ராய் ஹில்லில் எனக்கு ஞாபகம் வந்தது. ஐயாயிரம் பொருளுக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கியவர், தனக்காக ஒரு தாள் எழுதவில்லை.

நல்லவேளையாக, கடைசியில் பங்கு மக்களே வாரிசுகளிடமிருந்து ஆலயத்தையும் உள்ளிருந்தவற்றையும் விலைக்கு வாங்கினார்கள். முதலில் பணம் தர மறுத்த அதே பங்குதான். பிறகு பல பத்தாண்டுகள் கவனிப்பின்றிக் கிடந்து கட்டடம் நலிந்தது. 1970களில் ஊர்க்காரர்கள் குழு அமைத்து, பணம் திரட்டிப் பழுது பார்த்தார்கள். நம் சங்கத்தில் லிப்ட் நிதி திரட்டப் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே படம் எடுக்க விடுவதில்லை, கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். பிற்பகலில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும்; எல்லா நாளும் இல்லை என்பதால் விசாரித்துக்கொண்டு போங்கள். முழங்கால் வலிக்காரர்கள் ரியால்டோ தெருவை நடந்து ஏற முயல வேண்டாம். காலையில் பென் ஹில்ஸ் பெருமாளைச் சேவித்து, அங்கேயே புளியோதரை சாப்பிட்டுக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும்.