புகைபோக்கி இல்லாத குளியலறை

தென்கிழக்கு எஸ்தோனியாவின் வோரோமா வட்டாரத்தில் புகைச் சானா என்னும் புகைபோக்கியில்லாத நீராவிக் குளியலறை இன்று சுற்றுலாப் பயணிகளுக்கும் பொழுதுபோக்கு. அவர்களிடம் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சானா ஓய்வுக்காக மட்டும் பிறந்ததல்ல. கற்களை அடுக்கிய அடுப்பில் மணிக்கணக்காக விறகெரித்து, புகையை வெளியேற்றிய பிறகே உள்ளே போவார்கள். சுவரெல்லாம் கரி. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி குப்பென்று எழும். பிர்ச் இலைக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வார்கள். இறைச்சிக்குப் புகையூட்டியதும் அங்கே, பிரசவம் பார்த்ததும் அங்கேதான். புகைபோக்கி வைக்க வக்கில்லாத ஏழ்மை என்று சிலர் ஒதுக்கக்கூடும். தொடக்கத்துக்கு அது பொருந்தலாம். வீட்டுக்குப் புகைபோக்கி வந்த பின்னும் சானாவைப் பழையபடியே விட்டுவைத்ததற்குப் பொருந்தாது. 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் கட்டடத்தை அல்ல, சனிக்கிழமைதோறும் அடுப்பு மூட்டும் வழக்கத்தைத்தான்.