கொல்லி காவலனும் வேங்கடத்துப் படியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கொல்லி என்பது தனியொரு சிகரத்தின் பெயரன்று. பல நாடுகளைத் தன்மேல் தாங்கிய மலைத்தொடரின் பெயர். ஸ்ரீகுலசேகரப் பெருமாள் தம்மைக் கொல்லியோடு இயைத்து அருளிச்செய்த பெயர்களை ஆராய்வார்க்கு இது முதற்கண் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெருமாள் திருமொழி 105 பாசுரங்களை உடையது. அதன் இரண்டாம், ஏழாம் திருமொழிகளின் நிகமனப் பாசுரங்களில் ஆழ்வார் 'கொல்லி காவலன்' ஆகிறார். ஆறாம் திருமொழியில் கொல்லிநகர்க்கு இறைவராகிறார். இரண்டாம் திருமொழியில் கொல்லியுடன் கூடலும் கோழியும் சேர்ந்து வருகின்றன. கூடல் பாண்டியர் தலைநகராகிய மதுரை. கோழி சோழர் தலைநகராகிய உறையூர். சேரர்க்கு மட்டும் வஞ்சியைச் சொல்லாது கொல்லியைச் சொல்லியது ஏன்?

விடை சங்க நூல்களில் உள்ளது. கொல்லிக்கு உரியவன் வல்வில் ஓரி. முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார் குறிக்கிறார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்ற இடத்தைக் கொல்லிக் கூற்றம் என்கிறது. மலையின் பெயர் அதனைச் சூழ்ந்த நிலத்துக்கும் ஆயிற்று; சேரர் வெற்றிக்கும் அதுவே அடையாளமாயிற்று.

கொல்லிநகர் என்பதை ஒலியொப்புமை பற்றி மேலைக் கடற்கரைக் கொல்லமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மூன்றாம் திருமொழியில் ஆழ்வார் தம்மைக் கொங்கர்கோன் என்கிறார்; கொல்லியோ கொங்குநாட்டு மலை. ஒரு சொல் மலையாகவும் கூற்றமாகவும் வழங்கியபின் நகராகவும் வழங்குவதில் வியப்பில்லை.

இனி, திருவேங்கடத்தைப் பாடும் நான்காம் திருமொழியை நோக்குக. அதன் நிகமனத்தில் கொல்லியும் இல்லை, கூடலும் இல்லை, கோழியும் இல்லை. கூரிய வேலும் குலசேகரன் என்ற பெயருமே உள்ளன. சேரர் போரிட்டுக் காத்த மலைக்குக் காவலராய்ப் பிறந்தவர், எம்பெருமான் மலையில் குருகாய், மீனாய், செண்பகமாய், காட்டாறாய், முடிவில் படியாய்க் கிடக்கவும் வேண்டுகிறார். அதற்குமேல், அம்மலையில் ஏதேனும் ஆனாலும் போதும் என்கிறார். காவலர் என்னும் அபிமானம் அங்கே சேஷத்வத்தில் கரைந்துவிடுகிறது. கொல்லியின் வரலாற்றை அறிந்தார்க்கே அவர் துறந்தது எத்துணைப் பெரிது என்பது புலப்படும். திருக்கோயில்களில் கர்ப்பக்ருஹத்து வாசற்படி இன்றும் குலசேகரன்படி என்றே வழங்குகிறது.