கொன்வெர்சோக்கள்

யூத சமயத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறிய ஸ்பானியரும் அவர்களின் வழிவந்தோரும் கொன்வெர்சோக்கள் அல்லது ‘புதிய கிறித்தவர்கள்’ எனப்பட்டனர். 14ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காஸ்டீல், அரகோன் அரசுகளில் இவர்கள் கலவரத்துக்கும் பதவித் தடைக்கும் சமய விசாரணைக்கும் உள்ளானார்கள்.

தலைமைத் திருத்தொண்டர் ஃபெரான் மார்த்தினெஸ் யூதருக்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசங்கம் செய்துவந்தார். அதன் விளைவாக 1391 ஜூனில் செவில் நகரில் மூண்ட கலவரம் கோர்தோபா, தொலேதோ, வாலென்சியா, பார்சலோனா எனச் சில வாரங்களில் பரவியது. உயிர் தப்ப ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். வற்புறுத்தித் திருமுழுக்கு அளிப்பது தவறு என்றாலும் அளித்தபின் அது செல்லும் என்று 633இல் கூடிய நான்காம் தொலேதோ சங்கம் விதித்திருந்தது. ஆகவே கலவரம் அடங்கிய பிறகும் பழைய சமயத்துக்குத் திரும்ப இவர்களுக்கு வழியில்லை. தொமினிக்கன் துறவி விசென்தே ஃபெரரின் பிரசங்கப் பயணங்களும் 1413–14இல் நடந்த தொர்தோசா சமய விவாதமும் மேலும் பலரை மாற்றின.

எல்லோரும் அச்சத்தால் மாறியவர்கள் அல்லர். பூர்கோஸ் நகர ரபியாக இருந்த சாலமோன் ஹலேவி, பாப்லோ தெ சாந்தா மரியா என்னும் பெயரில் 1415இல் அதே நகரின் ஆயரானார். யூதருக்கு மூடியிருந்த நகரசபை, அரசவை, திருச்சபைப் பதவிகள் மதம் மாறியோருக்குத் திறந்தன. பிரபுக் குடும்பங்களோடு மணவுறவும் ஏற்பட்டது. பழைய கிறித்தவர்களின் பொறாமை இங்கேதான் வேர்விட்டது.

1449இல் அமைச்சர் ஆல்வாரோ தெ லூனா தொலேதோ நகரிடம் பத்து லட்சம் மரவேதி நாணயம் கேட்டபோது, மக்களின் கோபம் வரி தண்டிய கொன்வெர்சோ வணிகர் அலோன்சோ கோத்தாவின் மீது திரும்பியது. அவர் வீடு எரிக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர் பெரோ சார்மியெந்தோ ஜூன் 5ஆம் தேதி வெளியிட்ட ஆணை, யூத வழிவந்தோர் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்றது. நம்பிக்கையைக் கேட்காமல் பிறப்பைக் கேட்ட இந்த விதி திருமுழுக்கையே பொருளற்றதாக்கியது. போப் ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டில் இதைக் கண்டித்தார். பாப்லோவின் மகனும் பூர்கோஸ் ஆயருமான அலோன்சோ தெ கார்தஹேனா இதை மறுத்து நூல் எழுதினார். ஆயினும் 1473இல் கோர்தோபாவில் கொன்வெர்சோக்கள் மீண்டும் கொல்லப்பட்டனர்.

அரசி இசபெல்லா, அரசர் ஃபெர்தினாந்து இருவரின் வேண்டுகோளை ஏற்று 1478இல் போப் நான்காம் சிக்ஸ்துஸ் விசாரணை மன்றம் அமைக்க அனுமதி தந்தார். 1481 பிப்ரவரியில் செவிலில் முதலாவதாக ஆறு பேர் எரிக்கப்பட்டனர். திருமுழுக்குப் பெறாத யூதர், யூதராக வாழ்வதற்காக இம்மன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. மதம் மாறியவர்தான் அகப்பட்டார். வெள்ளி மாலை விளக்கேற்றுவது, சனிக்கிழமை துவைத்த துணி உடுத்துவது, பன்றிக்கறியை ஒதுக்குவது, முதல்நாளே அடுப்பேற்றிய அதாஃபினா என்னும் குழம்பை ஓய்வுநாளில் உண்பது ஆகியவை குற்றத்தின் அடையாளங்களாயின. வேலைக்காரரும் அண்டை வீட்டாரும் சாட்சி சொன்னார்கள். அவர்கள் யார் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தண்டனையோடு சொத்தும் பறிபோனது. இறந்தவர்களும் விசாரிக்கப்பட்டு, எலும்புகள் தோண்டி எரிக்கப்பட்டன. அரகோனில் மன்றத்தின் முறைகேடுகளை 1482இல் சிக்ஸ்துஸே கண்டித்தார், பயன் சிறிது. 1483இல் தொமாஸ் தெ தோர்க்கெமாதா இதன் தலைமை விசாரணையாளரானார்.

கொன்வெர்சோக்கள் மறைவில் யூதராகவே வாழ்ந்தனர் என்றார் வரலாற்றாசிரியர் யிட்சாக் பேர். பெரும்பாலோர் உண்மைக் கிறித்தவர்களே என்று பென்சியோன் நெதன்யாகு மறுத்தார். விசாரணை ஏடுகளையே சான்றாகக் கொள்ளும்வரை இந்த வழக்கு தீர்வது கடினம்.

1492இல் யூதரை ஸ்பெயினிலிருந்து வெளியேற்றிய ஆணை, அவர்களின் அண்மை கொன்வெர்சோக்களைக் கெடுக்கிறது என்பதையே காரணமாகக் காட்டியது. போர்ச்சுகலுக்குச் சென்றவர்களுக்கு 1497இல் கட்டாயத் திருமுழுக்கு நேர்ந்தது. 1506இல் லிஸ்பனில் புதிய கிறித்தவர்கள் படுகொலை செய்யப்பட்டனர். 1560இல் போர்ச்சுகலின் விசாரணை மன்றம் அதன் ஆட்சியிலிருந்த கோவாவுக்கும் வந்தது. அங்கே இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா தா ஓர்தா இறந்தபின் யூத சமயத்தைப் பின்பற்றியவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அவர் எலும்புகள் 1580இல் எரிக்கப்பட்டன.

தொலேதோவின் பிறப்பு விதி பேராலயங்கள், கல்லூரிகள், துறவற சபைகள் எனப் பரவியது. ஸ்பெயினில் விசாரணை மன்றம் 1834இல் முற்றாக ஒழிந்தது. திருமணத்துக்கும் சில அரசுப் பணிகளுக்கும் கேட்கப்பட்ட, யூத வழிவந்தவர் அல்லர் என்று காட்டும் இரத்தத் தூய்மைச் சான்று 1865இல்தான் நீக்கப்பட்டது.